பதிலா, மாற்றா, ஈடா? ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருவதைத் தமிழில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

"சர்க்கரையை வெல்லத்துடன் மாற்றவும்." சமையல் குறிப்புகளில் இந்த வாக்கியம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. படிக்கிறவர் என்ன செய்வது? இரண்டையும் சேர்த்துக் கலப்பதா, கடைக்காரரிடம் சர்க்கரையைக் கொடுத்து வெல்லம் வாங்கி வருவதா, சர்க்கரையை விட்டுவிட்டு வெல்லம் போடுவதா? எழுதியவர் நினைத்தது மூன்றாவதை. வாக்கியம் அதைச் சொல்லவில்லை.

ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கிடையாது. பதில், மாற்று, ஈடு, சார்பு, பொறுப்பு, பதிலி, இடம், ஸ்தானம் என்று பல உண்டு. இவற்றில் ஒவ்வொன்றும் பழையது என்ன ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லும். அதனால் சொல்லைத் தேடும் முன் பழையதன் கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டே போகிறது.

முதல் படி: எழுதும் முன் கேட்க வேண்டியவை

போனது எது, வந்தது எது என்று தாளில் இரண்டு பெயர்களாக எழுதிக்கொள்ளுங்கள். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. "முருகனுக்குப் பதிலாகக் குமார்" என்றால் போனது முருகன், வந்தது குமார். அவசரத்தில் இது தலைகீழாகிவிடும்.

அடுத்து, போனது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். தீர்ந்துவிட்டதா, கிடைக்கவில்லையா, இருந்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டோமா, அல்லது அதே இடத்தில் இருக்க இன்னொன்று அதன் வேலையை மட்டும் செய்கிறதா? பிறகு, வந்தது போனதற்குச் சமமானதா, குறைந்ததா என்று கேளுங்கள். எத்தனை நாளைக்கு என்பது நான்காவது கேள்வி. ஆட்களைப் பற்றிய பேச்சானால் ஐந்தாவதாக ஒன்று உண்டு: வந்தவர் யாருடைய அதிகாரத்தில் வேலை செய்கிறார், தன்னுடையதிலா, போனவருடையதிலா?

இரண்டாம் படி: மூன்று பெரிய சொற்களைப் பிரித்தறிதல்

பதிலாக. இது ஒரு குறிப்பிட்ட தருணத்துக்கு உரிய சொல். இன்று, இந்த முறை, இந்த ஒரு பொருளுக்கு. "காபிக்குப் பதிலாகத் தேநீர் கொடுங்கள்" என்பதில் காபி உலகத்தை விட்டுப் போய்விடவில்லை, இந்த வேளைக்கு வேண்டாம், அவ்வளவுதான். வந்தது சமமானதா என்பதைப் பற்றியும் இந்தச் சொல் பேசாது. 'பதில்' உருது வழியாக வந்தது. மூலம் 'பதல்' என்ற அரபுச் சொல், பொருள் மாற்றுப்பொருள் என்பது. 'விடை' என்ற பொருளும் தமிழில் அதற்கு அமைந்தது. இரண்டும் இன்றுவரை கூடவே வாழ்கின்றன. தெலுங்கின் 'பதுலு', கன்னடத்தின் 'பதலு' இரண்டும் இதே குடும்பம். மலையாளம் 'பகரம்' என்கிறது. இலங்கை முஸ்லிம்களின் எழுத்திலும் இஸ்லாமியத் தமிழ் நூல்களிலும் 'அதற்குப் பகரமாக' என்று இன்றும் இயல்பாக எழுதுகிறார்கள். சங்கத் தமிழில் பகர்தல் என்றால் விற்றல். பொருளைக் கொடுத்துப் பொருள் வாங்கிய காலத்தின் வாசனை அந்தச் சொல்லில் இருக்கிறது. பிறமொழிச் சொல் வேண்டாம் என்று நினைப்பவர்கள் புதிதாக ஒன்றைச் செய்யத் தேவையில்லை, பகரம் கையருகே இருக்கிறது.

மாற்றாக. இது பொதுவான, நிலையான வழியைச் சொல்வது. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அங்கே சொல்ல வேண்டியது "பிளாஸ்டிக் பைக்கு மாற்றாகத் துணிப்பை" என்பதுதான். 'பதிலாக' என்று எழுதினாலும் பிழையில்லை. ஆனால் அது இன்றைக்குக் கடைக்குப் போகும்போது எடுத்துப்போவதைப் போல ஒலிக்கும். 'மாற்றாக' என்றால் வழக்கமே மாறுகிறது என்ற கனம் சேரும்.

'மாற்று' பெயர்ச்சொல்லின் முன்னால் அடைமொழியாக வரும்போது கவனம் தேவை. மாற்றுப் பாதை, மாற்று ஏற்பாடு, மாற்றுடை ஆகியவற்றில் சிக்கல் இல்லை. 'மாற்றுச் சான்றிதழ்' என்பது பள்ளியை விட்டுப் போகும்போது தரும் டி.சி. மட்டும்தான். தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்காக வாங்குவது 'இரண்டாம்படி'. விண்ணப்பத்தில் மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்று எழுதினால் அலுவலகம் வேறு தாளைத் தேடும். 'மாற்றுப்பணி' என்றால் பள்ளிக்கல்வித் துறையில் ஓர் ஆசிரியரைத் தற்காலிகமாக வேறு பள்ளிக்கு அனுப்புவது. 'மாற்று மருத்துவம்' சித்தம், ஓமியோபதி போன்றவை. 'மாற்று மருந்து' என்பதோ மூன்று விதமாகப் படிக்கப்படும்: நஞ்சு முறிக்கும் மருந்து, வேறு மருத்துவ முறையின் மருந்து, அதே மூலப்பொருள் உள்ள வேறு நிறுவனத்தின் மாத்திரை. கடைசிப் பொருளில் எழுதுகிறீர்கள் என்றால் விளக்கமாக "அதே மருந்து, வேறு நிறுவனத்துடையது" என்று எழுதிவிடுங்கள். இது வெறும் நடைச் சிக்கல் இல்லை. மருத்துவர் எழுதித் தந்த அட்டவணை எச், எக்ஸ் மருந்துகளுக்கு (சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடியவை), அதே மூலப்பொருள் இருந்தாலும் வேறொன்றைக் கடைக்காரர் தானாகத் தரக்கூடாது என்று இந்தியாவின் 1945 மருந்து விதிகள் சொல்கின்றன.

ஈடாக. இதில் எடை பார்க்கப்படுகிறது. வந்தது போனதற்கு மதிப்பில் நிகர் என்று எழுதுபவர் உறுதி சொல்கிறார். "இரண்டு நாள் கூடுதல் வேலைக்கு ஈடாக இரண்டு நாள் விடுப்பு" என்பதில் கணக்கு நேர் செய்யப்படுகிறது. இழப்பீடு என்ற சொல்லின் உள்ளேயும் இந்த ஈடுதான் உட்கார்ந்திருக்கிறது. கணக்கு இல்லாத இடத்தில் ஈடாக என்று எழுதினால் வாசகர் இல்லாத கணக்கைத் தேடுவார். "நாற்காலிக்கு ஈடாகப் பாயில் உட்கார்ந்தார்கள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஈட்டின் உறவுச் சொற்கள் ஒன்றைப்போல் இன்னொன்று தோன்றும். ஈடுசெய்தல், ஈடுகட்டுதல் இரண்டும் குறையை நிரப்புவது. ஈடுகொடுத்தல் தாக்குப்பிடிப்பது: "அந்த வேகப்பந்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை." அலுவலகத்தில் 'ஈடுசெய் விடுப்பு' விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்காகக் கிடைப்பது. 'ஈட்டிய விடுப்பு' சம்பாதித்துச் சேர்த்தது. அது ஈட்டுதல் என்ற வினையிலிருந்து வருகிறது. இந்த இரண்டு விடுப்பையும் குழப்பி எழுதிய விண்ணப்பம் திரும்பி வரும்.

மூன்று சொற்களையும் ஒரே அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். பேக்கிங் பவுடர் இல்லாத வீட்டில், "ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு ஈடாகக் கால் தேக்கரண்டி ஆப்பசோடாவும் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும்" என்று எழுதினால் அளவு நேர் செய்யப்பட்டது தெரிகிறது. "பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்பசோடா போடலாம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் ஒரு தேக்கரண்டிக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, கேக்கில் உவர்ப்பும் சோப்பு வாடையும் வந்து நிற்பார். இரு பக்கமும் அளவு சொல்ல முடியாத இடத்தில் 'ஈடாக' வேண்டாம். அளவு முக்கியமான இடத்தில் வெறும் 'பதிலாக' போதாது.

மூன்றாம் படி: வாக்கியத்தைக் கட்டுதல்

மூன்று சொற்களுக்கும் முன்னால் நான்காம் வேற்றுமை வரவேண்டும்: அதற்கு, அவருக்கு, சர்க்கரைக்கு. அந்தக் 'கு' ஏறுவது போனதன் மேல். வந்தது எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ நிற்கும். நான்காம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும், ஆகவே 'அதற்குப் பதிலாக'. 'ஆக' என்று முடிவதற்குப் பின்னும் மிகும், ஆகவே 'பதிலாகப் போட்டார்', 'மாற்றாகத் துணிப்பை'.

'உடன்' இந்த இடத்துக்கே வரக்கூடாது. "அ-வை ஆ-வுடன் மாற்று" என்ற கட்டுமானம் கணினி மொழிபெயர்ப்பின் வழியே தமிழுக்குள் புகுந்தது. தமிழில் உடன் என்றால் கூடவே என்று பொருள். 'ஆல்' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் செயற்கை. இதற்குத் தமிழ் வைத்திருக்கும் வழி இரண்டு வினைகள்: எடுத்துவிட்டு வை, நீக்கிவிட்டுச் சேர், கழற்றிவிட்டு மாட்டு. "பழைய வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டவும்" என்றால் செய்பவருக்குக் கையில் வேலை தெரிகிறது. பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறவர்கள் இந்த இரட்டை வினையைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

'அ-வை ஆ-ஆக மாற்று' என்பது வேறு கதை. அங்கே போனதும் வந்ததும் ஒன்றே, உருவம்தான் மாறுகிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றலாம், ரூபாயை டாலராக மாற்றலாம். சர்க்கரையை வெல்லமாக மாற்ற முடியாது.

அடுத்த பெரிய பொறி 'மாறாக'. மொழிபெயர்ப்புகளில் வாக்கியத்தின் தொடக்கத்தில் "மாறாக, அவர் வீட்டுக்குப் போனார்" என்று வரிசையாக வருகிறது. மாறாக என்றால் எதிராக, முரணாக. விதிகளுக்கு மாறாகக் கட்டிய கட்டடம், எதிர்பார்த்ததற்கு மாறாகப் பெய்த மழை. ஒன்றை விட்டு இன்னொன்றைச் செய்ததைச் சொல்ல அது உதவாது. "கூட்டத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார்" என்றால் முடிந்தது.

இந்த 'ஆமல்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல தமிழ் நடைக்கும் மொழிபெயர்ப்பு நடைக்கும் இடையே வேலி இங்கேதான் ஓடுகிறது. "கோபப்படுவதற்குப் பதிலாகச் சிரித்தார்" என்பதை இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் பேசுகிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கோபப்படாமல் சிரித்தார்" என்பார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை ஆமல் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. வினைக்கு வினை மாறும் இடத்தில் முதலில் ஆமல் போட்டுப் பாருங்கள். இரண்டு வழிகளையும் எதிரெதிரே வைத்துத் தேர்ந்தெடுத்ததைக் காட்ட வேண்டுமானால் மட்டும் 'பதிலாக' போதும்: "கடன் வாங்கிக் கட்டுவதற்குப் பதிலாக இரண்டு ஆண்டு பொறுத்துக் கட்டலாம்." ஒருவரின் செயலைக் குறை சொல்ல 'விட்டுவிட்டு' பொருத்தம்: "படிக்கிறதை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறாள்."

'பதிலுக்கு' என்பது தனி. அது திருப்பிச் செய்தல்: "அவர் ஒரு தட்டு கொடுத்தார், இவரும் பதிலுக்கு ஒன்று." பதிலுக்குப் பதில், அடிக்கு அடி, பழிக்குப் பழி என்று ஒரே சொல்லைக் 'கு' போட்டு இரட்டிக்கும் அமைப்பு சரிக்குச் சரி என்பதைக் காட்டும். பதிலாக எழுத வேண்டிய இடத்தில் பதிலுக்கு எழுதினால் ஒரு சண்டையே உள்ளே வந்துவிடும்.

நான்காம் படி: மாறு, மாற்று, மாற்றிவிடு

மாறுதல் தானாக நடப்பது, மாற்றுதல் ஒருவர் செய்வது. "ஓட்டுநர் மாறிவிட்டார்", "ஓட்டுநரை மாற்றிவிட்டார்கள்" இரண்டுக்கும் நடுவே ஒரு முடிவும் அதை எடுத்தவரும் இருக்கிறார்கள். செய்தி எழுதுகிறவர் தெரியாமல் முதலாவதை எழுதினால் பொறுப்பு யாருடையது என்பது மறைந்துபோகும்.

'மாற்றி' என்ற எச்சத்துக்குத் தவறுதல் என்ற பொருளும் உண்டு. பெயரை மாற்றிச் சொன்னார் என்றால் தவறான பெயரைச் சொன்னார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார் என்றால் அடுத்தவர் செருப்பு. "மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்" என்பது சிகிச்சை. "மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்பது குற்றச்சாட்டு. 'விடு' என்ற துணைவினை ஒன்றே அந்த வேறுபாட்டைத் தாங்குகிறது. புகார் மனு, மருத்துவமனைச் செய்தி, காவல் நிலைய அறிக்கை எழுதும்போது இதை இருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

'கை'யோடு சேரும்போதும் இப்படியே பிரிகிறது. கைமாறு செய்த உதவிக்குத் திரும்பச் செய்வது. கைமாற்று வட்டியில்லாமல் சில நாளைக்கு வாங்கும் கடன். கைமாறுதல் சொத்தோ பொருளோ வேறொருவரிடம் போவது. ஓர் எழுத்தில் உதவி கடனாகிவிடும்.

ஐந்தாம் படி: ஆளின் இடத்தில் ஆள்

பொருளில் நடந்த பிழை சமையலைக் கெடுக்கும். ஆளில் நடந்த பிழை வழக்கில் கொண்டுபோய் விடும். முதலில் பார்க்க வேண்டியது அதிகாரம்.

இராமன் காட்டுக்குப் போனபின் பரதன் பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்திகிராமத்திலிருந்து பதினான்கு ஆண்டு நாட்டைப் பார்த்துக்கொண்டான். அவன் இராமனுக்குப் பதிலாக ஆண்டான் என்றால் கைகேயி கேட்டது நடந்துவிட்டது என்று ஆகும். இராமன் சார்பில் ஆண்டான் என்றால்தான் கதை நிற்கும். சார்பில், சார்பாக என்ற சொற்கள் வந்தாலே அதிகாரம் போனவரிடமே இருக்கிறது, வந்தவர் அதன் கருவி என்று பொருள். "அமைச்சருக்குப் பதிலாகச் செயலாளர் வந்தார்" என்றால் அழைத்தவர் வரவில்லை, வேறொருவர் வந்தார் என்பது மட்டும். "அமைச்சர் சார்பில் செயலாளர் மாலை அணிவித்தார்" என்றால் அந்த மாலை அமைச்சருடையது. தமிழ்நாட்டு அலுவலகக் கடிதங்களில் உயர் அலுவலரின் பெயரால் வேறொருவர் கையெழுத்திடும்போது "மாவட்ட ஆட்சியருக்காக" என்று போடுவதும் இதே பொருளில்தான்.

உறவில் வரும் சொல் ஸ்தானம். அப்பா இல்லாத பெண்ணின் திருமணத்தில் சித்தப்பா தாரை வார்த்துக் கொடுத்தால் "அப்பா ஸ்தானத்தில் இருந்து நடத்தி வைத்தார்" என்கிறோம். "அப்பாவுக்குப் பதிலாக" என்று அங்கே எழுதினால் காது கூசும், ஏனென்றால் பதில் என்ற சொல்லில் போனவர் மேல் மரியாதை எதுவும் இல்லை. ஸ்தானம் இடத்தைக் காட்டுகிறது, இடத்துக்கு உரியவரை அழிக்கவில்லை. இரங்கல் குறிப்பு, திருமண அழைப்பிதழ், வாழ்த்துரை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் காக்க வேண்டும்.

பதவி காலியானபோது தற்காலிகமாக உட்காருபவரைத் தமிழ்நாடும் இலங்கையும் வேறுவேறாக அழைக்கின்றன. இங்கே 'பொறுப்பு': பொறுப்புத் தலைமை நீதிபதி, தலைமை ஆசிரியர் (பொறுப்பு). தன் வேலையோடு இன்னொன்றையும் பார்த்தால் 'கூடுதல் பொறுப்பு'. இலங்கையில் 'பதில்': பதில் நீதவான், பதில் பொலிஸ்மா அதிபர். அங்கே 'பதிற்கடமை' அன்றாட நிர்வாகச் சொல். இலங்கைச் செய்தியைத் தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதினால் முதல் இடத்தில் "தற்காலிகமாகப் பொறுப்பு வகிக்கும்" என்று விளக்கிவிட்டுப் பிறகு அவர்கள் சொல்லையே பயன்படுத்துங்கள். அதை மாற்றி எழுதிவிட்டால் ஆவணத்தில் உள்ள பதவிப்பெயரோடு பொருந்தாது.

இன்னொருவரின் உரிமையைச் சட்டப்படி பயன்படுத்துபவர் 'பதிலி' அல்லது 'பதிலாள்'. இந்தியாவின் 2013 நிறுவனங்கள் சட்டப்படி, பங்குதாரர் கூட்டத்துக்குப் பதிலியை அனுப்பலாம். ஆனால் அவர் கூட்டத்தில் பேச முடியாது, முறையான வாக்கெடுப்பு நடந்தால் மட்டுமே வாக்களிக்கலாம். ஆகவே பதிலியைப் 'பிரதிநிதி' என்று எழுதுவது பிழை, பிரதிநிதிக்குப் பேசும் வாய் உண்டு. தேர்தலில் ஆயுதப்படையினர் பதிலி மூலம் வாக்களிக்க வழி இருக்கிறது. பதிலியாக வந்து வாக்களிப்பவருக்கு இடக்கையின் நடுவிரலில் மை வைக்கிறார்கள், அவருடைய சொந்த வாக்குக்கு ஆள்காட்டி விரல் தனியாக இருக்க வேண்டும் அல்லவா.

பஞ்சாலைகளில் பதிலி என்றால் வேறு ஆள். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் வேலைக்கு எடுக்கப்படுபவர். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பதிலித் தொழிலாளியை இப்படித்தான் வரையறுத்தது, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரைப் பதிலியாகக் கருதக்கூடாது என்றும் சொன்னது. ஆலையைப் பற்றி எழுதும்போது 'தற்காலிகத் தொழிலாளி' என்று பொதுவாக எழுதினால் இந்த உரிமைக் கதை முழுக்கக் காணாமல் போகும்.

சொத்தைத் தன் பெயரில் வைத்திருந்து இன்னொருவருக்காகக் காப்பவர் 'பினாமி'. இன்னொருவராகத் தன்னைக் காட்டிக்கொள்வது 'ஆள்மாறாட்டம்', ஏமாற்றும் நோக்கம் இருந்தால் இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவில் வரும் குற்றம். தேர்வு எழுத வேறொருவரை அனுப்பினால் ஆள்மாறாட்டம். வாக்குச்சாவடியில் செய்தால் 'கள்ள ஓட்டு'. படப்பிடிப்பில் நாயகனுக்காகக் கூரையிலிருந்து குதிப்பவர் 'டூப்', அவர் செய்வது உழைப்பு. இந்தச் சொற்களில் சில குற்றத்தின் பெயர்கள், சில தொழிலின் பெயர்கள். 'ஆள் மாற்றம்' என்று எழுத நினைத்து 'ஆள்மாறாட்டம்' என்று எழுதிவிட்டால் ஒருவர் மேல் குற்றம் சுமத்தியதாகிவிடும்.

விளையாட்டில் 'மாற்று வீரர்' எல்லா வேலைக்கும் ஓடுகிறது. கிரிக்கெட்டில் மட்டும் பிரித்தெழுத வேண்டும். ஃபீல்டிங்குக்கு வரும் மாற்று ஆள் பந்து வீசவோ பேட் செய்யவோ முடியாது. சர்வதேச ஆட்டங்களில் 2019 ஆகஸ்டு முதல், தலையில் அடிபட்டவருக்கு வரும் மாற்று வீரர் பேட் செய்யலாம். அந்த மாதம் லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்காக மார்னஸ் லபுஷேன் இறங்கியதுதான் இந்த வகையில் முதல். ஃபீல்டிங்குக்கு மட்டும் வருபவரை 'மாற்று ஃபீல்டர்' என்றும் தலையில் அடிபட்டவருக்காக வருபவரை 'மாற்று வீரர்' என்றும் எழுதினால் வாசகருக்குக் குழப்பமில்லை. தெருவில் நாம் 'பை ரன்னர்' என்று சொன்ன ஓட்டத்துணை சர்வதேச ஆட்டங்களில் 2011 அக்டோபரோடு போய்விட்டார்.

ஆறாம் படி: பாடநூலின் சொல்லைப் பாடநூலில் வைத்தல்

கணக்கில் 'பிரதியிடல்', வேதியியலில் தமிழ்நாட்டில் 'பதிலீட்டு வினை', இலங்கையில் 'பிரதியீட்டுத் தாக்கம்'. பொருளியலில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வாங்கப்படுபவை பதிலீட்டுப் பண்டங்கள், சேர்ந்தே வாங்கப்படுபவை நிரப்புப் பண்டங்கள். உறுப்புகளில் 'மாற்று அறுவை சிகிச்சை'. மாணவருக்கு எழுதினால் அவர் பாடநூல் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ அதையே பயன்படுத்துங்கள், அழகுக்காக மாற்றாதீர்கள். 'வாடகைத் தாய்' மட்டும் யோசிக்க வேண்டிய சொல். இந்தியாவின் 2021 சட்டம் காசுக்காகச் சுமப்பதைத் தடை செய்து, உதவியாகச் சுமப்பதை மட்டும் அனுமதிக்கிறது. வாடகையே இல்லாத இடத்தில் அந்தப் பெயர் அந்தப் பெண்ணுக்கு அநியாயம். 'பதிலித் தாய்' நேர்மையான பெயர்.

ஏழாம் படி: பேச்சின் வளம்

சமமில்லாத ஒன்று இடத்தைப் பிடித்ததைச் சொல்ல, "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்ற பழமொழியை மிஞ்ச வேறில்லை. கரும்பாலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூவின் இனிப்புதான் சர்க்கரை. இதில் இகழ்ச்சி உண்டு, மனிதரைப் பற்றிச் சொல்லும்போது புண்படும். "பொன் வைக்கிற இடத்தில் பூ வை" என்பதோ கனிவானது. முடியாதவர் மனதாரத் தருவதைப் பாராட்டுவது. இரண்டும் குறைவான மாற்றைப் பற்றியவைதான், ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டிய வீட்டில் மற்றதைச் சொன்னால் உறவு கெடும்.

பெயருக்கு ஆளைச் சேர்த்துக்கொண்டதைக் குறிக்க வழக்கில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்பார்கள். நடக்க இயலாதவரை இழிவாகச் சொல்லும் சொல் அதில் இருப்பதால் எழுத்தில் தவிர்ப்பதே சரி. 'பேருக்கு', 'ஒப்புக்கு' என்பவை அதே பொருளைத் தரும்.

தொழிற்சாலையில் அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததை "மாத்தி விட ஆள் வரல" என்கிறார்கள். நான்கே சொல்லில் காத்திருப்பும் களைப்பும் வந்துவிடுகின்றன. கதையில் உரையாடலாக எழுதும்போது இதைத் திருத்தி "எனக்குப் பதிலாகப் பணிபுரிய வேண்டியவர் வரவில்லை" என்று ஆக்கிவிடாதீர்கள். வண்டிக்காரர்களின் 'ஸ்டெப்னி'யும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் மாற்றுச் சக்கரம் செய்த நிறுவனத்தின் பெயர் அது. அங்கிருந்து வந்து இங்கே தமிழாகிவிட்ட சொல்லை அப்படியே எழுதலாம்.

எட்டாம் படி: சொல்லுக்குச் சொல் வைத்தல்

பொருளை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றுவதற்கு இலக்கணம் துல்லியமான பெயர்கள் வைத்திருக்கிறது. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவந்தால் ஆகுபெயர். "இந்தியா வென்றது" என்பதில் நாடு ஆட்டக்காரர்களைக் குறிப்பதால் இடவாகுபெயர். "தலைக்கு ஒரு பழம்" சினையாகுபெயர், "வற்றல் தின்றான்" தொழிலாகுபெயர், "டிசம்பர் சூடினாள்" காலவாகுபெயர். "இரண்டு லிட்டர் வாங்கி வா" என்று பாலைச் சொல்லாமல் அளவைச் சொல்வதும் இதில் அடங்கும். தொடர்பு வாசகருக்குத் தெரிந்திருந்தால்தான் ஆகுபெயர் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். "கோட்டை முடிவு செய்தது" என்றால் சென்னையில் தலைமைச் செயலகம் என்று புரியும், யாழ்ப்பாணத்தில் புரியாது.

சொல்லத் தயங்குவதை வேறு சொல்லால் சொல்வது தகுதி வழக்கு. செத்தார் என்பதை 'இயற்கை எய்தினார்' என்பதும் விளக்கை 'குளிர வை' என்பதும் மங்கலம். 'கால் கழுவி வந்தான்' என்பது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. கணவர் பெயரைச் சொல்லாமல் 'பெரியவன் அப்பா' என்று அழைத்த வழக்கமும் பெயரின் இடத்தில் உறவை வைப்பதே.

எழுத்தின் இடத்தில் எழுத்து வந்து பொருள் மாறாவிட்டால் 'போலி': அறம் அறன் ஆவதும், பந்தல் பந்தர் ஆவதும், ஐந்து அஞ்சு ஆவதும். அங்கே போலி என்றால் போன்றது என்றுதான் பொருள். இன்றைய வழக்கில் போலி என்றால் ஏமாற்று. பள்ளிப் பாடத்துக்கு வெளியே எழுதும்போது, மாற்றாக வந்த நேர்மையான எதையும் போலி என்று எழுதாதீர்கள்.

கடைசிப் படி: எழுதியதைச் சோதித்தல்

வாக்கியத்தில் இரு பெயர்களையும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். பொருள் அப்படியே இருந்தால் கட்டுமானம் தவறு. "சர்க்கரையும் வெல்லமும் மாற்றப்பட்டன" என்பதில் இரண்டையும் இடம் மாற்றினாலும் ஒன்றுதான், எது போனது என்று தெரியவில்லை. "சர்க்கரையை விட்டுவிட்டு வெல்லம் போட்டார்" என்பதை மாற்றினால் பாயசமே மாறிவிடும், ஆகவே அது சரி.

கீழே அடிக்கடி காணும் சில வாக்கியங்களும் அவற்றின் திருத்தமும்.

"பேட்டரியைப் புதிய ஒன்றுடன் மாற்றவும்." பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவும்.

"அவர் பதில் சொல்லவில்லை. மாறாக, எழுந்து போனார்." பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

"தலைவருக்குப் பதிலாக நன்றி கூறுகிறேன்." தலைவர் சார்பில் நன்றி கூறுகிறேன்.

"காயமடைந்த வீரர் மாற்றாக இன்னொருவர் வந்தார்." காயமடைந்த வீரருக்கு மாற்றாக இன்னொருவர் வந்தார். இங்கே விடுபட்டது 'கு' ஒன்றுதான், ஆனால் அது இல்லாமல் காயம்பட்டவர் வந்தவரா போனவரா என்பதே தெரியவில்லை.

"தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கக் கோருகிறேன்." தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்கு இரண்டாம்படி வழங்கக் கோருகிறேன்.